சிவிலிலிருந்து வெளியேறிய வாரம்

துறை மாறும் மாணவனுக்குப் படிப்பு பகுதிநேரம்தான். விளக்கம் சொல்வதே முழுநேர வேலை. இடையில் துறை மாறியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக, சிவில் எஞ்சினியரிங்கை விட்டு உணவு விஞ்ஞானத்துக்குப் போக நான் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

ஐந்து வரி

துறை மாற்றப் படிவத்தில் காரணம் எழுத ஐந்து வரி விட்டிருந்தார்கள். நான் இரண்டு தாள் கூடுதலாக இணைத்திருந்தேன். கொங்கிரீட் பாடத்தில் எனக்கு வரும் தூக்கம், நண்பனுக்குத் துணையாகப் போன உணவு விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பால் தயிராவதைப் பார்த்து இரண்டு மணிநேரம் நின்றது, எல்லாம் அதில் இருந்தன. பல்கலைக்கழக அலுவலகக் கவுண்டரில் இருந்த சிங்களப் பெண்மணி, தகப்பனின் கையெழுத்து வர வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். வெள்ளி நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால் இன்னுமொரு வருடம் சிவில்தான். என் இரண்டு தாள்களையும் கழற்றித் திருப்பித் தந்து, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டார்.

"மல்லி, காரணம் மட்டும் எழுதுங்க. கதை வேணாம்."

நிபுணர்

என் நண்பன் கொட்டாஞ்சேனை அன்ரன் இரண்டு முறை துறை மாறியவன். ஆகவே எங்களுக்குள் அவன்தான் நிபுணன். கன்ரீனில் அவன் என் அப்பாவாக நடித்தான், நான் நானாக. "அப்பா, உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும்" என்று நாலு முறை தொடங்கி, நாலு முறையும் அந்த இடத்திலேயே நின்றேன். அப்பாவாக இருந்து அவனுக்கே அலுத்துவிட்டது.

"மச்சான், வாயால சொல்லாத. பேப்பரக் கையில குடுத்துட்டு பாத்ரூமுக்குள்ள போயிரு."

புதன் வரைக்கும்

வீட்டில் அப்படியே செய்தேன். வெளியே வந்தபோது அப்பா மேசையில் இருந்தார். முன்னால் என் படிவம். பக்கத்தில் அக்காவின் கலியாணப் பயோடேட்டா. அதில், 'சகோதரர் ஒருவர், சிவில் எஞ்சினியரிங் மாணவர்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. புதன்கிழமை தெஹிவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அக்காவுக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருந்தது எனக்கும் தெரியும். அப்பா சத்தம் போடவில்லை.

"பாதியில விட்டுட்டு ஓடுற குடும்பமெண்டு நினைப்பினம். புதன் வரைக்கும் நீ எஞ்சினியர்."

வெடிப்பு

புதன் மாலை, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு எஞ்சினியராக உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன், தங்கள் பிளாட் சுவரில் விழுந்திருக்கும் வெடிப்பைப் பற்றிக் கேட்டார். "பாக்கத்தான் வேணும் அங்கிள்" என்றேன். எல்லோரும் மேற்கொண்டு எதிர்பார்த்தார்கள். மேற்கொண்டு என்னிடம் எதுவும் இல்லை.

பேச்சை மாற்ற மாப்பிள்ளையின் தாய், தான் போடும் தேசிக்காய் ஊறுகாயில் ஒவ்வொரு முறையும் பூஞ்சணம் பிடிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். உப்பின் அளவு, ஈரக் கரண்டி, காயாத போத்தல் என்று நான் கால் மணிநேரம் நிறுத்தாமல் கதைத்தேன். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அக்கா நடுவழியில் நின்றுவிட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய் அவர் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளையை ஏன் நீங்கள் சீமெந்துக்கு விட்டனீங்கள்?"

வெள்ளி, மூன்று மணி

புதன் மாலை அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்பா எழுந்து போய்ப் படிவத்தை எடுத்துவந்து அவர்களிடமே காட்டிவிட்டார். அடுத்த நாள் காலை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் என்று போன் வந்தது. ஆனாலும் படிவம் அப்பாவின் ஒஃபிஸ் பையிலேயே கிடந்தது.

வெள்ளி மூன்று மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் அவருடைய ஒஃபிஸ் வாசலில் போய் நின்றேன். படிவத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். காவலாளியின் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் தாளை வாங்கப் போனபோது அவர் ஒரு நுனியை விடவில்லை.

"இதையும் மாத்துறதெண்டா, அக்காவின்ர கலியாணம் முடிஞ்ச பிறகு மாத்து."

ஒரு துறையைத் தெரிவுசெய்ய எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அதை மாற்ற இரண்டு குடும்பங்கள் கூடவேண்டியிருந்தது.