வட்ட விளக்கு, கட்ட விளக்கு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் எனக்கு ஏழு வயது. கூட்டல் கணக்கே தப்பும். ஆனால் இரண்டு பேர் மட்டும் உட்காரும், திறந்த மேல்பாகம் கொண்ட ஓர் ஆங்கிலேயக் காரின் வயதைத் தப்பாமல் சொல்லிவிடுவேன். பின்விளக்கு கட்டமாக இருந்தால் முந்திய வருடத்துக் கார். வட்டமாக இருந்தால் பிந்தியது. சொல்லிக்கொடுத்தவர் அத்தை, அப்பாவின் தங்கை.

காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டைத் தாண்டி அந்த ரகக் கார் ஒன்றுதான் போகும். வெள்ளைக்கார துரை ஒருவருடையது. மாலையில் அவரை அழைத்துவர பண்டார் ஹிலிருக்கு அதை ஓட்டிப்போகிறவர் பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பின் செட்டி இளைஞர்; பல தலைமுறைக்கு முன்பே மலாய்க்காரர்களோடு மணஉறவில் கலந்துவிட்ட சமூகம், வீட்டில் மலாய் பேசுகிறவர். துரை பழையதை மாற்றி வட்ட விளக்குக் காரை வாங்கியதை மாடி ஜன்னலிலிருந்து முதலில் கண்டுபிடித்தவரும் அத்தைதான்.

அத்தையைப் பெண் பார்க்க வந்த சிரம்பான் மாப்பிள்ளையும் தன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே ரகக் காரில் வந்து இறங்கினார்.

"கடைசி மாடல்லா அண்ணே. இதுக்கப்புறம் வரவே இல்ல" என்றார் அப்பாவிடம்.

நான் கீழே ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். "இல்ல, கட்ட விளக்கு. பழசு."

"சின்னப் புள்ள, ஏதோ உளறுது" என்று அப்பா சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அத்தைதான் சொன்னாங்க. தெனம் சாயங்காலம் நாங்க பாக்குற காடிக்குத்தான் வட்ட விளக்கு."

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கீழே வைத்தார். "நாங்க பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு ரோட்டுல போற காடியப் பாத்துக்கிட்டு இருக்கு போல."

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு அத்தையிடம் மெதுவாகக் கேட்டார். "எந்தக் காடி?"

அத்தை பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளையின் பொய் வெளிப்பட்டதால்தான் சம்பந்தம் நின்றது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். மறுநாள் அப்பா மாடி ஜன்னலில் பலகை அடித்தபோது மழைச்சாரலுக்காக என்று நினைத்தேன். தை பிறந்ததும் அத்தையை வடக்கே தூரத்துக் கெடா மாநிலத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது என் மகள் ஜன்னலில் ஏறி நின்று கார்களைப் பார்க்கிறாள். இறங்கச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிடுகிறேன். விழுந்துவிடுவாளோ என்ற பயம் மட்டும்தானா அது என்று எனக்கே நிச்சயமில்லை.

போன மாதம் புக்கிட் பாருவில் ஒரு வீட்டு வாசலில் அந்த ரகக் கார் நின்றது. முகப்பு மட்டும் தெரிந்தது. எந்த வருடத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முன்பக்கத்தைப் பற்றி அத்தை எனக்கு எதுவும் சொல்லித்தந்ததில்லை. கார் வரும் சத்தம் கேட்டால், ஓட்டிவருகிற இளைஞர் கண்ணில் படாமல் அவர் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வார். அது வீட்டைத் தாண்டிய பிறகுதான் ஜன்னலுக்கு வருவார்.