மூடியைத் திறக்கச் சொன்னவள்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் உணவுக்கூடத்தில் அவளை எல்லோரும் மூடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற அண்டா ஒவ்வொன்றையும் மூடி திறந்து பார்க்காமல் உள்ளே விடமாட்டாள், அதனால் வந்த பெயர். அதற்கு முன்னால் அவளுக்கு இருந்த பெயர் திருடி.

அந்தப் பெயரை வைத்தவர் ஊரிலேயே பெரிய ஹோட்டல் ஒன்றின் மேனேஜர். அங்கே சமையல்கட்டில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விருந்து முடிந்தால் அண்டா அண்டாவாகச் சோறு குப்பைத் தொட்டிக்குப் போகும். கொண்டுபோய்க் கொட்டுவதும் அவள் வேலைதான். புருஷன் முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்த சமயம். ஒரு நாள், கொட்டப் போன சோற்றில் ஒரு தூக்கு நிறைய எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பின்வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டான். வேலை முடிந்து கிளம்பியவர்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்து, மேனேஜர் தன் கையாலேயே தூக்கைத் தொட்டியில் கவிழ்த்தார்.

"இன்னிக்கு சோறு, நாளைக்கு வெள்ளிக் கரண்டி. திருட்டுக் கை சும்மா இருக்காது."

"கொட்டப் போற சோறுதானே சார்."

"கொட்டறது எங்க இஷ்டம். எடுத்தா திருட்டு."

வேலை போயிற்று. அதோடு விட்டாரா என்றால் இல்லை, மற்ற ஹோட்டல்களுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிவைத்தார். எங்கே போய் நின்றாலும் ஆள் வேண்டாம் என்றார்கள். சொந்த நாத்தனாரே, இவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் முதலில் பீரோவைப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் "வாங்க அண்ணி" என்பாள்.

அழுது தீர்த்துவிடுகிற ரகம் இல்லை அவள். அந்த மேனேஜரின் முகத்தை, கண்ணாடியும் டையுமாக, அப்படியே மனசுக்குள் வைத்துக்கொண்டாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. அழுக்குப் படிந்த இடமெல்லாம் அவளுக்கு அந்த முகம்தான். அவள் துடைத்த வராந்தாவில் முகம் பார்க்கலாம் என்று டாக்டர்களே சொன்னார்கள்.

அந்த வராந்தாவில்தான் நோயாளிகளோடு வந்தவர்கள் பசியோடு படுத்துக் கிடப்பார்கள். நோயாளிக்கு ஆஸ்பத்திரி சோறு போடும். கூட இருக்கிறவர்களுக்கு யார் போடுவார்கள்? ரிட்டயர் ஆன ஒரு நர்ஸம்மா சின்னதாகச் சங்கம் வைத்து, முடிந்த அளவு ரொட்டி கொடுத்துவந்தார். அவர் நடையாய் நடந்ததில் மாநகராட்சியில் ஒரு பெண் அதிகாரி மனம் வைத்தார். மாநகராட்சி இடமும் வண்டியும் தரும். ஹோட்டல்கள் மிச்சமாகும் நல்ல சாப்பாட்டை அன்றன்றைக்கே தரும். சங்கம் வாங்கிப் பரிமாறும். இதுதான் ஏற்பாடு.

"சமையல்கட்டு தெரிஞ்ச ஆள் வேணும். நீ வர்றியா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"எனக்கு எதுக்கும்மா அந்த வம்பு?"

ஹோட்டல்கள் தரப்பில் யார் முன்னால் நிற்கிறார் என்று நர்ஸம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கூட்டம் எப்போ?"

கூட்டத்தில் மேனேஜர் நன்றாகவே பேசினார். உணவை வீணாக்குவது பெரிய பாவம், எங்கள் ஹோட்டல் என்றைக்குமே அதை நம்புகிறது என்றார். பேச்சின் நடுவே அவர் பார்வை இவள் முகத்தில் விழுந்தது, நின்றது, நகர்ந்துவிட்டது. அடையாளமே தெரியவில்லை. திருடி என்றதைவிட இது அதிகமாக வலித்தது.

சங்கத்தின் தரப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டதும் எழுந்தாள்.

"சாப்பாட்டோட ஹோட்டல்லேர்ந்து பொறுப்பான ஆள் வரணும். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறவரே வரட்டும். எல்லார் முன்னாடியும் அவரே மூடியைத் திறந்து, முதல் வாய் அவர் சாப்பிடணும். அப்புறம்தான் உள்ள வாங்குவோம்."

மேனேஜர் சிரித்தார். "நாங்க என்ன விஷமா கொண்டு வர்றோம்?"

"அப்ப சாப்பிடறதுல பயமில்லையே சார்."

யாருக்கும் வயிறு கெடாது, எல்லோருக்கும் நம்பிக்கை வரும் என்று அதிகாரிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. அவர் முன்னால் மேனேஜரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

முதல் வாரம் போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே வந்தார். அப்புறம் ஆட்களும் போனார்கள், சிரிப்பும் போனது. தினமும் சாயங்காலம் ஆவியில் கண்ணாடி மங்க, மிச்ச சோற்றை வாயில் போட்டு மென்றார். "அந்தக் கடைசி அண்டாவும் சார்" என்று இவள் பொறுமையாகக் காட்டுவாள். ஒரு நாள் தன் உதவியாளனை அனுப்பினார். கையெழுத்துப் போட்டவர் வரட்டும் என்று வண்டியைத் திருப்பிவிட்டாள். அன்றைக்கு வராந்தாவில் பாதிப் பேருக்குச் சோறு இல்லை.

நர்ஸம்மா தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைக் கறந்தார்.

"உன் பழிக்கு அவங்க பட்டினி கிடக்கணுமா? இன்னொரு தடவை நல்ல சோத்தைத் திருப்பினே, நானே உன்னை அனுப்பிடுவேன்."

அந்த ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. "இனிமே நல்லதைத் திருப்ப மாட்டேன்மா. கெட்டது ஒரு நாள் வரும். அதுக்குக் காத்திருக்கலாம்ல?"

வந்தது. வெயில் கொளுத்திய ஒரு நாள். மூடி திறந்ததுமே புளித்த வாடை குப்பென்று அடித்தது. மற்ற ஹோட்டல்காரர்கள், டிரைவர்கள், தட்டோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடுங்க சார்."

"நான் இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்."

"ஒரு வாய் போதும்."

வாயில் வைத்தவர் ஓரமாகப் போய்த் துப்பினார். அவள் அண்டாவை இழுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தாள்.

"யாரும்மா நீ?" என்றார் மேனேஜர். இப்போதுதான் உற்றுப் பார்க்கிறார்.

"உங்க ஹோட்டல்ல பாத்திரம் தேய்ச்சவ. நான் எடுத்துட்டுப் போன சோறு நல்ல சோறு சார். அதுக்கு என்னைத் திருடின்னீங்க. கெட்டுப்போனதைக் கொண்டுவந்து பசிச்சவங்களுக்குப் போடறவருக்கு என்ன பேர்? நீங்களே சொல்லுங்க."

அவர் காரில் ஏறிப் போனார். மறுநாள் ஹோட்டல் முதலாளி விலகிக்கொள்வதாக மிரட்டினார். அதிகாரி வந்து, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லேன் என்று கேட்டுப் பார்த்தார்.

"இருந்தா சொல்ல மாட்டேனா மேடம்?"

மற்ற ஹோட்டல்காரர்கள் இவள் பக்கம் நின்றார்கள். ஒருவர் கெட்ட சோறு கொண்டுவந்தால் எல்லோர் பெயரும்தானே நாறும். முதலாளி இறங்கிவந்து வேறொருவரை அனுப்பினார். மேனேஜரை வெளியூர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று இவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இன்னொரு விதியையும் நுழைத்தாள். மிச்ச சாப்பாட்டை ஹோட்டல் வேலையாட்களும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், யாரும் பையைத் திறக்கக் கூடாது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பேப்பரில் அவள் படம் வந்த பிறகு நாத்தனார் பீரோவைப் பூட்டுவதை நிறுத்தினாள். இவள் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள்.

இப்போது வேறு ஊர்களிலும் இந்த ஏற்பாடு வருகிறது. அதில் ஓர் ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று அதிகாரி கேட்டார். பஸ் ஏறினாலே தலை சுற்றுகிறவள், உடனே சரி என்றுவிட்டாள்.

"அந்த மேனேஜர் அங்கதான் இருக்கார். தெரியும்ல?" என்றார் நர்ஸம்மா.

"தெரிஞ்சுதான்மா துணி எடுத்து வைக்கிறேன்."