நாலு வினாடி மௌனம்

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். பதினோரு வருஷம் ஒரு பேருந்து நிறுவனத்தின் விசாரணைத் தொலைபேசியில் உட்கார்ந்து, "ஹலோ" என்ற ஒரே சொல்லில் எதிர்முனையில் இருப்பவர் பஸ்ஸைத் தவறவிட்டவரா, பையைத் தவறவிட்டவரா என்று கண்டுபிடித்தவள். அந்த வேலையை இயந்திரக் குரல் பிடுங்கிக்கொண்டதும், டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்த இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆறு மேசை, ஆறு கணினி, ஆறு ஹெட்போன். இணையத்தில் வரும் வீடியோக்களைக் கேட்டு, பேசுவதை எழுத்தில் இறக்குவதுதான் வேலை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் தரைப் பலகை வழியாக ஏறிப் பாதத்தில் கூசும்.

அந்த வருஷம் வந்த வேலை கொஞ்சம் வேறு மாதிரி. எங்கோ ஒரு ஆராய்ச்சிக் குழு, விதவிதமான வீடியோக்களில் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டது. பாடம் ஐம்பது, பழுதுபார்ப்பு ஐம்பது, புதுப் பொருளின் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது ஐம்பது, வாழ்க்கைக்கு அறிவுரை ஐம்பது. ஒவ்வொன்றிலும் "நான்" எத்தனை, "நீங்க" எத்தனை, கேள்வி எத்தனை, சிரிப்பு எத்தனை என்று எண்ணிக் கட்டத்தில் போட வேண்டும். நாலு வினாடியோ அதற்கு மேலோ பேச்சு இல்லையென்றால் "வெற்று" என்று குறிக்க வேண்டும். இருநூறும் அவள் தலையில் விழுந்தது.

பெட்டி பிரிப்பவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. "வாங்க, சேர்ந்து பிரிக்கலாம்" என்பார்கள்; நாம் போய்ச் சேர்வதற்குள் பிரித்து முடித்திருப்பார்கள். அறிவுரைக்காரர்கள் பத்து நிமிஷத்தில் நூற்றுப்பன்னிரண்டு "நீங்க" போட்டு, ஒவ்வொரு "நீங்க"வுக்கும் நெஞ்சில் விரலால் குத்துவார்கள். கேள்வியும் அவர்களே, பதிலும் அவர்களே. பழுதுபார்ப்பவர்கள் திருகாணியோடு பேசுவார்கள். "வா... வா ராஜா... வரமாட்டியா?" கேமரா இருப்பது நடுவில் எப்போதாவது ஞாபகம் வந்தால், "இப்படித்தாங்க" என்று கூச்சத்தோடு ஒரு வார்த்தை. அவர்களை அவளுக்குப் பிடிக்கும். பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சுவருக்கு ஒப்பித்தார்கள்.

ஒருவரைத் தவிர. பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வீட்டு அறையில் ஒரு பச்சைப் பலகை, பின்னால் பாதி தெரியும் இரும்பு பீரோ. பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்து, "இதுவரைக்கும் புரியுதா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நாலு வினாடி நிற்பார். கண் சும்மா இருக்காது. இல்லாத முதல் பெஞ்சிலிருந்து இல்லாத கடைசி பெஞ்சு வரைக்கும் மெதுவாகப் போகும். யாரோ தலையாட்டினதைப் பார்த்த மாதிரி, "சரி" என்று பலகைப் பக்கம் திரும்புவார். முதல் தடவை கேட்டபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாம்புச்செவி தன்னை அறியாமல் தலையாட்டினாள்.

அந்த டீச்சரின் பாடங்கள் ஐம்பதில் பதினொன்று இருந்தன. அந்த நாலு வினாடிக்கு நேராகக் குறிப்புக் கட்டத்தில், "காத்திருக்கிறார்" என்று எழுதி அனுப்பினாள். மறுநாளே பதினொன்றும் திரும்பி வந்தன. கூடவே மேனேஜரும் வந்து மேசையருகில் நின்றார்.

"அக்கா, இது என்ன 'காத்திருக்கிறார்'? வெற்றுன்னு போடணும்னு சொன்னேனே."

"வெற்று இல்ல சார். பதிலுக்காக நிக்கிறாங்க."

"யாரு பதிலுக்கு? ரூம்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் சார் விஷயமே."

"ஆளே இல்லன்னா வெற்றுதானே?"

"போன்ல ஒருத்தர் பேசாம இருந்தா வெச்சுட்டாருன்னு அர்த்தமா? வெச்சுட்டா ஒரு மாதிரி கேக்கும். இருந்துக்கிட்டே பேசாம இருந்தா வேற மாதிரி கேக்கும். பதினோரு வருஷம் நான் கேட்டது அதைத்தான்."

"ஆராய்ச்சிக்காரங்க கேட்டது எண்ணிக்கை. உங்க மனசுல படறதை இல்ல."

அவள் "பதிலுக்கு இடம் விடுகிறார்" என்று மாற்றி அனுப்பினாள். திரும்பியது. "வெற்று" என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தாள். அதுவும் திரும்பியது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பதினொன்றிலும் வெற்று, வெற்று என்று நிரப்பினாள். சாட்சிக் கூண்டில் ஏறிப் பொய் சொன்ன மாதிரி நாக்கு கசந்தது.

வீட்டில் சொன்னாள். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, அறிவுரை கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அவள் சொல்லி முடித்ததும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ கொஞ்சம் பாஸிட்டிவா யோசிக்கணும்மா" என்றார். அது அவர் சொன்னதா, போன் சொன்னதா என்று அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த டீச்சரின் வீடியோவைத் தன் போனில் திறந்தாள். முப்பத்தேழு பேர் பார்த்திருந்தார்கள். அதில் பாதி அவளாகவே இருக்கும். கமெண்ட் ஒன்றுகூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: "வணக்கம் டீச்சர். நீங்க புரியுதான்னு கேட்டுட்டு நாலு செகண்ட் பேசாம நிக்கிறீங்க. நான் இருநூறு வீடியோ கேட்டிருக்கேன். வேற யாரும் இப்படிச் செய்யறதில்லை."

அனுப்பிவிட்டு அன்று முழுக்க ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் துணிகளை மடித்தாள்.

புதன்கிழமை மத்தியானம், அலுவலகப் படிக்கட்டில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. "ரொம்ப மன்னிக்கணும்மா. நீங்க சொன்ன பிறகுதான் நானே கவனிச்சேன். வகுப்புல நின்னு பழகின பழக்கம். பார்க்கிறவங்க நேரம் வீணாகுதுன்னு தோணவே இல்லை. பேரன்கிட்ட சொல்லி எல்லாப் பாடத்துலயும் அந்த இடத்தை வெட்டிப் போட்டுட்டேன். பழசை நாளைக்கு எடுத்துடுவேன். தப்பை எடுத்துச் சொன்னதுக்கு நன்றி."

அவள் டப்பாவை மூடி வைத்தாள். தன் கமெண்டை மறுபடி படித்தாள். பாராட்டு எங்கே இருக்கிறது என்று தேடினாள். எழுதும்போது மனசு நிறைய இருந்தது. எழுத்தில் ஒரு பொட்டு இல்லை. ஊரார் குரலையெல்லாம் எடை போட்டவளுக்குத் தன் எழுத்தின் குரல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். "அக்கா, அந்த டீச்சர் ஃபைல் பதினொண்ணும் நீளம் ஒத்து வரல. மாத்தி ஏத்தியிருக்காங்க. மறுபடி முதல்லேர்ந்து எண்ணிடுங்க."

ஹெட்போனை மாட்டினாள். "இதுவரைக்கும் புரியுதா அடுத்து கீழே இருக்கிற எண்ணைப் பாருங்க." டீச்சரின் தலை ஒரு குதி குதித்துப் பலகைப் பக்கம் போய் நின்றது. முதல் பெஞ்சை விட்டுக் கிளம்பின கண் பாதி வழியிலேயே அறுந்து போனது. பதினோரு பாடத்திலும் அதே குதி.

"இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா?" என்றார் மேனேஜர், திரையை எட்டிப் பார்த்து. "ஒரு வெற்றுகூட இல்ல."

"சார், அது வந்து... நான்தான்..."

அவர் அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது கமெண்டை எழுத அவளுக்கு மூன்று நாள் ஆனது. எப்படி எழுதினாலும் குறை சொல்கிற தொனி வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில், "நான் குறை சொல்லல டீச்சர். நீங்க நின்னது எனக்குப் பிடிச்சுது. நான் தலையாட்டினேன். பழையபடி நில்லுங்க" என்று போட்டாள்.

பதில் உடனே வந்தது. "அப்படியாம்மா! நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். பழைய பதிவையெல்லாம் அழிச்சாச்சு. இனிமே நிக்கிறேன்."

அடுத்த பாடத்தில் நின்றார். "புரியுதா?" என்று கேட்டுவிட்டு, கேமராவையே நேராகப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எண்ணி முடித்ததும் ஒரு சங்கடச் சிரிப்பு. பெஞ்சுகளின் பக்கம் கண் போகவே இல்லை. பாம்புச்செவி அந்த வீடியோவைப் பாதியில் மூடினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல் போன் சொம்பில் சாய்ந்திருந்தது. "உங்களுக்கு என்ன வேணும்னு உங்களை நீங்களே கேட்டிருக்கீங்களா?" என்று ஒரு குரல் அதட்டியது. கணவர் ஆமோதிக்கிற மாதிரி தலையாட்டினார். அவள் எட்டிப் போனைக் கவிழ்த்தாள்.

"அந்த ஆளு உங்களைக் கேக்கல. அவனே கேட்டு அவனே சொல்லிக்கிறான். அதுக்கு எதுக்கு நீங்க தலையாட்டறீங்க?"

அவர் திகைத்துப்போய்ப் போனை அணைத்தார். "சரி, என்ன ஆச்சு? சொல்லு."

டீச்சரின் கதை முழுவதையும் சொன்னாள். அவர் கை காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேர்ல போய்ப் பேசியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதே?"

"எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.