ஹுன்னஸ்கிரிய வில்லாவில் என் அக்காவை ஆயா என்று எழுதச் சொன்னார்கள்

போன ஆகஸ்ட் விடுமுறையில் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு வில்லாவில் இரண்டு இரவு தங்கினோம். சின்னப் பிள்ளைகளோடு மலைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது. வந்தால் வரட்டும்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் இத்தாலியில் இருக்கும் என் கணவரின் தங்கை. ஜூலையில் அங்கே ஒரு கிராமத்தில் வில்லா வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கினாள். கல் வீடு, திராட்சைக் கொடி, நீச்சல் குளம் என்று நாளுக்கு நாற்பது படம் அனுப்பினாள். ஆறு வயது மகள் தனுஷியும் மூன்று வயது மகன் கவினும் அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். இத்தாலிக்குப் போகப் பணத்துக்கு நாங்கள் எங்கே போவது? அப்போதுதான் ஃபோனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "இத்தாலியக் கிராமத்து வில்லா அனுபவம், கண்டியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அது நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் தொரைமார் குடியிருந்த பங்களா.

என் அக்கா புஷ்பம் இன்னும் அதே தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். அம்மா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அவள்தான். இருபத்து நாலு வருடமாக அந்தப் பங்களாவுக்குக் கீழே உள்ள மலையில் வேலை செய்கிறாள், ஒரு நாளும் அதன் புல்தரையில் கால் வைத்ததில்லை. இரண்டே நாள் அவள் அங்கே கால் நீட்டி உட்கார வேண்டும், வேறு யாராவது அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும். என் ஆசை அதுதான். பிள்ளைகளின் நச்சரிப்பு எனக்கு நல்ல சாக்காகப் போனது.

ஒரு இரவுக்கு 26,000 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. மூன்றாவது பெரியவருக்கு மேலதிகக் கட்டில் 4,500. பெரியவர்கள் மூன்று, பிள்ளைகள் இரண்டு என்று தெளிவாக எழுதி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். போகாவிட்டால் ஒரு சதமும் திரும்பி வராது.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குக் கட்டுகஸ்தோட்டையில் வீட்டிலிருந்து புறப்பட்டோம். வேன் மடவளை பாரூக் நானாவுடையது, போக வர 15,000. பெரஹர ஊர்வல நாட்களில் கண்டி டவுனுக்குள் நுழைவது மடத்தனம் என்பதால் மடவளை, திகன வழியாக மஹியங்கனை வீதியில் ஏறினோம். மடவளையில் 7.05க்கு நிறுத்திச் சூடாக மீன் பணிஸ் வாங்கினோம். அதுதான் என் முதல் தவறு. தெல்தெனியவுக்குப் பிறகு வளைவுகள் ஆரம்பித்ததும் கவின் தின்ற இரண்டு பணிஸையும் அவன் அப்பாவின் சட்டையில் கொட்டினான். பிள்ளைகளுக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகு சாப்பாடு கொடுங்கள், தயவுசெய்து.

ஹுன்னஸ்கிரியச் சந்தி 8.35க்கு, எங்கள் வாசலிலிருந்து 37 கிலோமீட்டர். அக்கா ஒரு கடை வாசலில் காத்திருந்தாள். நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறச் சேலை, கையில் முறுக்குப் பை. அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏறுங்கக்கா, முன்னுக்கு இருங்க. பின்னுக்கு இருந்தா தலை சுத்தும்" என்றார் பாரூக் நானா.

சந்தியிலிருந்து தோட்டப் பாதை நாலு கிலோமீட்டர்தான், ஆனால் முப்பது நிமிடம். கார் வைத்திருப்பவர்கள் அதன் அடிப்பாகத்தை மறந்துவிட்டுத்தான் வர வேண்டும். 9.05க்கு கேட்டில் நின்றோம். சீக்கிரம் வருவோம் என்று ஃபோனில் சொல்லி ஒப்புதலும் வாங்கியிருந்தேன்.

பழைய பங்களாவுக்குக் காவி பூசி, வாசலில் நாலு மண்சாடி வைத்திருக்கிறார்கள். இத்தாலி முடிந்தது. முற்றத்து மரத்தில் 'ஒலிவ்' என்று ஒரு பலகை. அது வெரலு மரம். நாங்கள் சின்ன வயதில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்ற அதே வெரலு.

மெனேஜர் கொழும்பிலிருந்து வந்த இளைஞர். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. கேட்டுக்குப் பக்கத்து மேசையில் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

"சேரோட ஐடி போதும். வைஃப், பிள்ளைங்களுக்குத் தேவையில்ல. இவங்களோடத மட்டும் குடுங்க."

அக்கா பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மெனேஜர் பின்பக்கத்தைத் திருப்பி முகவரியை வாசித்தார். சிரிப்பு நின்றது. என் கணவர் சிவாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"சேர், இந்தத் தோட்டத்து அட்ரஸ் உள்ளவங்கள கெஸ்ட்டா போட ஏலாது. மேல இருந்து வந்த ரூல். மத்த கெஸ்ட்டுங்க விரும்ப மாட்டாங்க."

எங்களைத் தவிர அங்கே ஈ காக்கா இல்லை.

"ஆயான்னு எழுதிட்டா ஒரு பிரச்சினையும் இல்ல சேர். ஆயாவுக்கு குசினிப் பக்கம் ரூம் இருக்கு. எக்ஸ்ட்ரா பெட் காசையும் கழிச்சிடலாம்."

உதவி செய்வதாக நினைத்துத்தான் அந்த மனிதர் இதைச் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது அதனால்தான். இந்தத் தோட்டத்து அட்டையோடு கட்டில் விரிக்க வரலாம், பிள்ளை கழுவ வரலாம், படுத்து எழும்ப மட்டும் வரக்கூடாது.

சிவா வாந்திச் சட்டையோடு நின்றார். "மாலா, ஒரு சொல்லுதானே. உள்ள போயிட்டா யாரு பாக்கப் போறா? முதல்ல பிள்ளையக் குளிப்பாட்டணும்."

"எழுதட்டும் பாப்பா" என்றாள் அக்கா. "பிள்ளைங்கள நான்தானே பாக்கப் போறேன். இதுல என்னா இருக்கு?"

பேனா என் கையில் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் யோசித்தேன். கட்டிய பணம் போய்விடும், பிள்ளை நாறுகிறான், அக்கா ஒரு நாள் பேரை இழந்து வந்திருக்கிறாள். எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. அப்படி நினைத்த என் மேலும் எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் அக்காவைக் காணோம். பையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுப் பாதையில் பின்பக்கச் சமையல் குசினியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பாதையை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. விறகு கொண்டு போனாலும் துண்டுக் கடிதம் கொண்டு போனாலும் லயம் என்ற வரிசை வீட்டு ஆட்கள் பங்களாவுக்கு அந்தப் பக்கமாகத்தான் போவார்கள். கால் தானாகவே திரும்பியிருக்கிறது.

"அக்கா, நில்லு!" என்று கத்தினேன். கவின் பயந்து அழத் தொடங்கினான்.

கைப்பையைக் கவிழ்த்து என் அடையாள அட்டையை எடுத்தேன். கலியாணம் ஆகி எட்டு வருடம் ஆகியும் அதில் முகவரியை மாற்றவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. லயத்து வீடுகளுக்கு இலக்கமும் கிடையாது. தோட்டத்துப் பெயர், டிவிஷன் பெயர், ஹுன்னஸ்கிரிய, அவ்வளவுதான் எல்லோருக்கும். இரண்டு அட்டைகளையும் பதிவுப் புத்தகத்தின் மேல் அருகருகே வைத்தேன்.

"வாசிச்சுப் பாருங்க. ஒரு எழுத்து வித்தியாசம் இல்ல. அப்ப என்னையும் ஆயான்னு எழுதுங்க. நாங்க ரெண்டு பேரும் குசினிப் பக்கம் படுக்கிறோம். சேர் பங்களாவுல படுக்கட்டும்."

அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், நீங்களும்... இந்தத் தோட்டமா?"

ஓம், இந்தத் தோட்டம்தான். செருப்பும் கைப்பையும் இருந்தால் தெரியாதோ? ஃபோனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி அங்குமிங்கும் நடந்தார். யாரும் எடுக்கவில்லை போலும். வேனிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்த பாரூக் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அக்காவ அக்கான்னு எழுதவும் கொழும்புக்குக் கோல் எடுக்கணுமா?"

நானே எழுதினேன். பெயர், புஷ்பம். உறவு, அக்கா. முகவரியை முழுதாக. அதற்குக் கீழே என் பெயர், அதே முகவரி. மெனேஜர் அதைப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

பத்தரை மணிக்கு விறாந்தையில் தட்டில் தேத்தண்ணி வந்தது. அக்கா அதை வாங்க எழும்பினாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கீழே மலையைப் பார்த்தாள்.

"பாப்பா, இங்கருந்து பாத்தா எங்க கொழுந்து கேங் முழுசாத் தெரியுதே. யாரு குனியுறா, யாரு நிமிர்றா, எல்லாம் தெரியுது." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இத்தன வருசமும் இப்புடித்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

கோப்பையை வைத்துவிட்டு விறாந்தை ஓரத்தில் போய் நின்று கையை ஆட்டினாள். ஒருவரும் பார்க்கவில்லை. பங்களாப் பக்கம் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அந்த மலையில் யாருக்கும் கிடையாது. அக்கா இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஏ சரசூ!" என்று ஒரு சத்தம் வைத்தாள். தனுஷியும் சேர்ந்து, "சரசு ஆன்ட்டீ!" என்று கத்தினாள். ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு வரிசை முழுவதும் நிமிர்ந்தது. மெனேஜர் வெளியே வந்தார், என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. குழந்தைகளுக்கு உகந்த இடம் என்று விளம்பரம் சொல்கிறது. நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி இல்லை, அதை அடுத்து பள்ளம். மூன்று வயதுப் பிள்ளையை ஒருவர் எப்போதும் கையில் பிடித்தபடி இருக்க வேண்டும். தொட்டில் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். ராச்சாப்பாட்டில் உறைப்பு அதிகம், பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறும் பருப்பும் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். ரத்தம் குடிக்கும் அட்டைப் பூச்சி இருக்கிறது, உப்பும் நீளக் காலுறையும் எடுத்துப் போங்கள். பால்மா வாங்கச் சந்திக்குத்தான் இறங்க வேண்டும். ஐந்து பேருக்கு எல்லாம் சேர்த்து 91,000 ரூபாய் ஆனது. காலை எட்டு மணி மூட்டம் மட்டும் அந்தக் காசுக்குத் தகும்.

முன்பதிவு செய்யும்போதே கூட வருகிறவர்களின் ஊரைச் சொல்லி, அவர்களை உள்ளே விடுவீர்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். சிவா அன்று மாலையே மன்னிப்புக் கேட்டார். ஏற்றுக்கொள்ள எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இப்போது அவர்தான் கிராம சேவகரிடம் போய் அட்டையில் முகவரியை மாற்றிக்கொண்டு வருவோம் என்று நச்சரிக்கிறார். நான் அசையவில்லை. முன்பு சோம்பலில் மாற்றவில்லை. இப்போது வேண்டுமென்றே மாற்றவில்லை.