அத்ரெவிதா என்றால் திமிர் பிடித்தவள்

என் கோபம் ஒரே ஒரு ஸ்பானிஷ் வார்த்தையைப் பற்றியது. “ஒரு வார்த்தைக்கா இந்தக் குதி குதிக்கற?” என்று என் அண்ணன் கேட்டான். ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஸ்பானிஷ் படித்தேன். இப்போது நல்லம்பள்ளியில் வீட்டிலிருந்தே ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனிக்கு ஸ்பானிஷை இங்கிலீஷாக்கித் தருகிறேன். நான் பார்த்தேயிராத ஊர்களின் சண்டைகளெல்லாம் என் லேப்டாப்புக்கு வரும். அப்படி வந்தது மெக்சிகோவில் ஒரு தையல் ஃபேக்டரிப் பெண்ணின் புகார். கழிப்பறைக்குப் போன நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பது என்ன நியாயம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். அவன் எல்லோர் முன்னாலும் அவளை ‘அத்ரெவிதா’ என்று சொல்லி, மெஷினை விட்டு எழுப்பி, குப்பை கூட்ட அனுப்பிவிட்டான். என்னை அவமானப்படுத்தினான், என் மெஷினைத் திருப்பிக் கொடுங்கள் என்பது அவள் புகார். அவனும் மறுக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னேன், அதில் என்ன தப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டிய, அந்த ஃபேக்டரியின் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆக, அவள் கதி என் இங்கிலீஷில் இருந்தது.

அந்த வார்த்தைக்குத் துணிச்சல்காரி என்றும் பொருள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்ட ஒரு பெண்ணைப் பார்த்து மேலே இருப்பவன் அப்படிச் சொன்னால், ‘உனக்கு எவ்வளவு திமிர்’ என்றுதான் அர்த்தம். நான் ‘இன்சொலன்ட்’ என்று போட்டேன். எங்கள் டீம் லீடர் அதை எடுத்துவிட்டு ‘போல்ட்’ என்று மாற்றினார். சேலத்துக்காரர். உடனே போன் போட்டேன்.

“போல்டுன்னா பாசிட்டிவா இருக்குதுங்க மேடம். கிளையன்ட்டுக்குச் சங்கடமான வார்த்தைய நாம எதுக்குப் போடணும்?”

“சங்கடம் அவங்களுக்கில்லைங்க சார், அந்தப் பொண்ணுக்கு.”

“டிக்‌ஷனரியில போல்டுன்னும் இருக்குதில்லைங்க?”

இருக்கிறது. ஆனால் போல்ட் என்ற வார்த்தையின் லட்சணத்தை நான் டிக்‌ஷனரி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முன்பு ஒருமுறை ஏரியூர் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று சொன்னேன், அதுவும் சிரித்துக்கொண்டே. மறுநாள் தரகர் வந்து அப்பாவிடம், “பொண்ணு கொஞ்சம் போல்டா இருக்குதுங்களாம். அவங்க வூட்டுக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க” என்றார். எங்கள் வீட்டில் யாராவது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்களா? அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நல்ல வார்த்தையாலேயே அடிப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. தலைமை அலுவலகத்து இங்கிலீஷ்காரர்களுக்கு அந்த அடி தெரியாது. போல்ட் என்று இருந்தால் பாராட்டு என்றுதான் படிப்பார்கள்.

இதையெல்லாம் டீம் லீடரிடம் சொன்னேன். “நீங்க ரொம்ப எமோஷனலா எடுத்துக்கறீங்க” என்று போனை வைத்துவிட்டார். ஃபைல் போல்டோடு போய்ச் சேர்ந்தது.

தீர்ப்பும் என்னிடமே வந்தது, இந்த முறை இங்கிலீஷிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்ற. “உங்கள் சூப்பர்வைசர் உங்களைப் போல்ட் என்றே குறிப்பிட்டிருக்கிறார். அது பாராட்டு. எனவே புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம்.” பாராட்டாம்! குப்பை கூட்ட அனுப்பியதும் பாராட்டா?

ஸ்பானிஷில் நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. வீரமானவள் என்று அழகாக ஒன்றைப் போட்டிருக்கலாம். டீம் லீடருக்கும் மனம் குளிர்ந்திருக்கும். தன் வழக்கு எங்கே கவிழ்ந்தது என்று அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. நான் சூப்பர்வைசர் வாயிலிருந்து வந்த அதே வார்த்தையைப் போட்டேன். “உங்களை அத்ரெவிதா என்று சொன்னது பாராட்டு.” அப்படியே அனுப்பினேன். அவள் படிக்கட்டும். படித்துவிட்டு, இதை இங்கிலீஷில் எந்தப் பாவி எப்படி எழுதினான் என்று கேட்டு மேல்முறையீடு செய்யட்டும். அந்த இங்கிலீஷுக்கு அடியில் மொழிபெயர்த்தவர் என்று இருப்பது என் பெயர். கேட்கட்டும், சொல்கிறேன்.