கறுப்புக் காரும் மிதிக்காத கரையும்

எனக்கு எழுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கையெழுத்துப் போடுவதோடு என் படிப்பு சரி. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் வரிசையாக மரக்காணம் வழியே புதுச்சேரிக்குப் போயின. "இதெல்லாம் எங்க ஓடப்போவுது ஆயா?" என்று பேரன் சிரித்தான். ஓடும். நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். உப்பள முதலாளியிடம் ஒரு கறுப்பு இங்கிலீஷ் கார் இருந்தது. படகு மாதிரி நீளம். தார் ரோட்டில் போனால் உள்ளே சொம்புத் தண்ணீர் அலுங்காது என்பார்கள். உப்பு வாங்க வரும் புதுச்சேரி வியாபாரியிடம் பச்சை நிறத்தில் பிரெஞ்சுக் கார். குட்டை, ஆட்டுக்குட்டி போலத் துள்ளும், ஆனால் சட்டென்று வளைந்து திரும்பும். எது ஒசத்தி என்று இருவருக்கும் ஓயாத வழக்கு. கடைசியில், வாய்க்காலின் இரண்டு கரைமேலும் ஆளுக்கொரு பக்கமாக, உப்புக் குவியலிலிருந்து ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

"கறுப்பு ஜெயிச்சா பட்டணத்துக்கே எடுத்துக்கினு போயிடுவேன். டிரைவரும் குடும்பத்தோட வரட்டும்" என்றார் முதலாளி. டிரைவர் எங்கள் தெருக்காரர்தான். "ஜெயிச்சா உன்ன முன்னாடி ஒக்கார வச்சி ஒரு ரவுண்டு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்; ஜெயித்தே ஆக வேண்டும்.

மழை விட்ட புதிது. கரை இளகிக் கிடந்தது. உப்புப் பாத்தியை மிதித்து இறுக்குவது போலக் கரையையும் மிதிக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன். அளத்தில் அவரைப் போல மிதிக்க ஆள் கிடையாது. நானும் கூடவே மிதித்தேன். டிரைவர் மகள் கூழ் கொண்டுவந்தாள்.

"கெட்டியா மிதிங்க. எங்கப்பா ஜெயிச்சாத்தான நான் பட்டணம் பாக்க முடியும்" என்று சொம்பை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

வளைவு வந்ததும் மாமா உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, இங்க மிதிக்கலியே?"

"காலு வலிக்குதுடி. அது தானா இறுகிக்கும், போ."

மறுநாள் கறுப்புக் கார் நெடுந்தூரம் முந்திப் போனது. நான் குதித்தேன். வளைவில் முன்சக்கரம் இறங்கி, எருமை படுப்பது போல அப்படியே படுத்துவிட்டது. பச்சை துள்ளித் துள்ளி ரோடு ஏறிவிட்டது. "டேய், தூக்குங்கடா!" என்று முதலாளி கத்த, சேற்றில் முதலில் இறங்கியவர் மாமாதான். கரையில் டிரைவர் மகள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். நான் மண்ணில் புரண்டு அழுதேன்.

பட்டணப் பேச்சை முதலாளி அதன்பிறகு எடுக்கவேயில்லை. வைகாசியில் மாமாவுக்குக் கல்யாணம். டிரைவர் மகள் எனக்கு அத்தையானாள். பெண்ணழைப்புக்கு அதே கறுப்புக் கார். முன்சீட்டில் நான், மடியில் ஒரு சொம்புத் தண்ணீர். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் மாமா காலுக்கு நான்தான் வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டேன். பாவம், வலி தாங்காமல்தானே அந்த இடத்தை விட்டார் என்று. அவரும் காலை நன்றாக நீட்டிக் கொடுப்பார்.

எழுதிட்டியா கண்ணு? காலு வலிக்குதுன்னு சொன்னாரே, அந்த எடத்த இன்னொரு தபா படி, கேக்கலாம்.