ஜொவிட்டா கொண்டுபோன சேதி

மயிலாப்பூர் மாட வீதிகளில் பன்னிரண்டு வீட்டுச் சாப்பாட்டைக் கூடையில் அடுக்கி, மணியடிக்கும் முன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது ஜொவிட்டாவின் வேலை. பத்து வருஷத்தில் ஒருநாள்கூட ரசம் சிந்தியதில்லை.

அதில் ஒரு டப்பா இரண்டாம் வகுப்பு வர்ஷினிக்கு. 1993 ஆடி மாதம் அவள் அப்பா அலுவலகத்தில் மயங்கி விழுந்தார். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லித்தான் மாமா அவளை வகுப்பிலிருந்து கூட்டிப்போனார். வீட்டு வாசலில் சாவுக்கு வந்த கூட்டம் நின்றது.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பியவள் மதியத்துக்கு மேல் தங்கவில்லை. வயிற்றுவலி என்று அழுவாள். பள்ளியிலிருந்து எதிர்வீட்டுக்கு போன் வரும். அம்மா ஹம்சா ஓடிவருவாள். இந்த வாரமும் இப்படியே போனால் நிறுத்திவிட்டு அடுத்த ஜூனில் மறுபடி சேர்க்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

தான் வீட்டில் இல்லாதபோது அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற வர்ஷினியின் பயம்தான் அந்த வலி என்று ஜொவிட்டாவுக்குப் புரிந்தது. டப்பா வாங்கும்போது வீட்டில் பார்த்ததைத் தினமும் அவளிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

"உங்கம்மா தேங்கா துருவிக்கினு இருந்துச்சு. லேட்டுன்னு என்னைத் திட்டுச்சு."

"நெஜமாவா, ஆயா?"

"திட்டு வாங்குனவளுக்குத் தெரியாதா?"

மூன்று நாள் வர்ஷினி சாயங்காலம்வரை இருந்தாள்.

வியாழக்கிழமை கதவைத் திறந்த ஹம்சாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"காய்ச்சல், ஜொவிட்டாம்மா. நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க."

"நம்மால ஆவாதும்மா. அன்னிக்கும் அப்டிச் சொல்லித்தானே இட்டாந்தாங்க?"

ஹம்சா டப்பாவை நீட்டினாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் வர்ஷினி வழக்கம்போலக் கேட்டாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல். படுத்துகினு கீது. மாத்திரை போட்டுச்சு, கஞ்சி குடிச்சுச்சு. பக்கத்து வீட்டு சூடாமணி மாமி கூடவே கீறாங்க."

வர்ஷினி டப்பாவைத் தள்ளிவைத்தாள். "நான் வீட்டுக்குப் போறேன்."

"போலாம். காலி டப்பாவோட நான் அங்கதான் போறேன். பாத்துட்டு இன்டர்வெல்லுக்கு கேட்டாண்ட நிக்கிறேன். இட்டுகினு போற மாரி இருந்தா நானே இட்டுகினு போறேன். மொதல்ல சாப்டு."

பாதிச் சோறு இறங்கியது.

மூன்று மணிக்கு வெயிலில் வேர்க்க விறுவிறுக்க ஜொவிட்டா வந்து நின்றாள். வர்ஷினி ஏற்கெனவே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் போயிடுச்சா?"

"இல்ல. கொஞ்சம் கொறைஞ்சிகீது. தூங்குது."

வர்ஷினி அவள் முகத்தையே பார்த்தாள். மணியடித்தது. கம்பியை விட்டுவிட்டு, மெதுவாக வகுப்பை நோக்கி நடந்தாள்.